என்னைத்தான் பார்க்கிறாரா? பார்வைக் குறைவு: கேள்வி-பதில்

கே: கண்ணாடி போட்டும் பார்வை 6/60தான் (நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் படிப்பதை நான் 6 மீட்டரில்தான் படிப்பேன்). டீக்கடையில் மாஸ்டர் என்னைப் பார்க்கிறாரா, பக்கத்தில் நிற்பவரையா என்று பிடிபடவில்லை. (செல்லூர்)

ப: உங்கள் கவனக் குறைவு இல்லை இது; கணக்கே அப்படி. ஒருவர் பார்வையை 5 டிகிரி விலக்கினால் கருவிழி நகர்வது சுமார் 1 மில்லிமீட்டர். 6/6 என்னும் நல்ல பார்வைக்கு அது 3 மீட்டரிலும் எட்டும். 6/60க்கு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் நெருங்க வேண்டும். டீக்கடையில் அது நடக்காது.

அதனால் கண்ணைத் தேடாமல் தலையைப் பாருங்கள். தலை 30 டிகிரி திரும்பினால் மூக்கு 5 சென்டிமீட்டர் போல நகரும், உங்களுக்கும் தெரியும். ஒரு காது மறைந்திருந்தால் முகம் உங்கள் பக்கம் இல்லை. வெயில் உங்கள் முதுகில் விழும்படி நில்லுங்கள். அவர் முதுகில் விழுந்தால் முகமே இருட்டாகிவிடும். கடைக்கண்ணால் பார்ப்பவரிடம் இந்த வழி பலிக்காது. "அண்ணே, என்னையா கேட்டீங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

கே: அம்மாவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுது. பேசும்போது என் காதைப் பார்க்கிறார். நேராகப் பார்க்கச் சொல்லலாமா? (மேலூர்)

ப: தயவுசெய்து சொல்லாதீர்கள். நேராகப் பார்த்தால் உங்கள் முகம் இருக்கும் இடத்தில் மங்கல்தான் இருக்கும். காதைப் பார்க்கும்போதுதான் உங்களைப் பார்க்கிறார். உங்கள் முகத்தைக் கடிகாரமாக நினைத்து, 12, 3, 6, 9 இருக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே பார்க்கும்போது உங்கள் கண் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறதோ, அந்தப் பக்கத்தையே தினம் 10 நிமிடம் பழகட்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் குறைபார்வைக்கென்றே தனிப் பிரிவு உண்டு. வாசல் நிலை திடீரென வளைந்து தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கே: அப்பாவுக்குக் கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா). கல்யாண மண்டபத்தில் ஏறிட்டும் பார்க்கவில்லை என்று சொந்தக்காரர்கள் கோபிக்கிறார்கள். (உசிலம்பட்டி)

ப: பக்கவாட்டுப் பார்வை போயிருக்கும், நேர்ப் பார்வை மிஞ்சியிருக்கும். பேப்பர் படிப்பவரைப் பார்வை இல்லாதவர் என்று யார் நம்புவார்? பக்கத்திலிருந்து கையசைக்காமல், முன்னால் வந்து முறை சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கே: பஸ்ஸில் எல்லாரும் என்னையே முறைப்பதுபோல் இருக்கிறது. எனக்குக் கண் புரை. (திருமங்கலம்)

ப: எதிரில் இருப்பவரின் கண் தெளிவாகத் தெரியாதபோது, "நம்மைத்தான் பார்க்கிறார்" என்று எடுத்துக்கொள்வது மூளையின் இயல்பு, நல்ல பார்வை உள்ளவருக்கும் இருட்டில் அப்படித்தான். புரை எடுத்து லென்ஸ் வைத்தபின் முகங்கள் தெளியும்.