சிக்கலுக்கும் போவேன், வேளாங்கண்ணிக்கும் போவேன்

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர். அப்பா சைவம், அம்மா கத்தோலிக்கர். பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். கந்த சஷ்டிக்கு அப்பாவோடு சிக்கல் கோயில், ஞாயிறு அம்மாவோடு மாதா கோயில் பூசை. எனக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் வரிசையில் போக, அம்மாவும் நானும் மட்டும் பெஞ்சிலேயே இருப்போம். இப்போது நான் விரும்பும் கத்தோலிக்கப் பையன் வீட்டில், ‘ஞானஸ்நானம் வாங்கினால்தான் மாதா கோயிலில் கல்யாணம்’ என்கிறார்கள். வாங்கிக்கொண்டு, பழையபடியே முருகனையும் கும்பிடலாமா?
– வாசகி, வயது 26

பதில்: வேண்டாம் அம்மா, அப்படி வாங்காதீர்கள். வயது வந்தவருக்கு ஞானஸ்நானம் என்றால் மாதக்கணக்கில் ஆயத்தம் உண்டு. பிறகு சபை நடுவே நின்று, ‘இந்த ஒரே கடவுளை விசுவசிக்கிறேன்’ என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டு வீட்டில் வேல் படத்தை ஒளித்து வைத்தால், இயேசுவிடமும் முருகனிடமும் முகம் பார்த்துப் பேச உங்களுக்கே கூச்சமாகிவிடும். என்றைக்காவது மனசு தானாக அந்தப் பக்கம் போனால், அப்போது சந்தோஷமாக வாங்குங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் சொல்வது திருச்சபைச் சட்டமும் இல்லை. ஞானஸ்நானம் பெறாதவரைக் கத்தோலிக்கர் மணக்க ஆயர் (பிஷப்) விதிவிலக்கு தரலாம். பங்குத்தந்தை, அதாவது ஊர்ப் பாதிரியார், வழியாக மனு போக வேண்டும். கல்யாணம் மாதா கோயிலிலேயே நடக்கும். ஆனால் பொதுவாகப் பூசை இல்லாமல், வாசகமும் ஜெபமுமாக நடக்கும். அவர்களுக்கு இது குறையாகப் படலாம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்தும் மணக்கலாம்; யாரும் மதம் மாற வேண்டியதில்லை. ஆனால் மாதா கோயிலில் மணக்காமல் அதோடு மட்டும் நிறுத்தினால், நாளைக்கு அந்தப் பையனும் நற்கருணை வாங்க முடியாமல் உங்கள் அம்மாவைப் போலப் பெஞ்சில் உட்கார வேண்டி வரும்.

நீங்கள் எழுதாத ஒன்றுதான் எனக்குக் கவலை: பிள்ளைகள். விதிவிலக்கு கேட்கும்போது, பிறக்கும் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதெல்லாம் செய்வேன் என்று அந்தப் பையன் வாக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. அந்த வாக்கு உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். உங்கள் பிள்ளை தாத்தா கையைப் பிடித்துக்கொண்டு சிக்கலுக்குப் போகலாமா, நெற்றியில் திருநீறு பூசலாமா? இதை அவரிடம் நேருக்கு நேர் கேளுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்றால் விடாதீர்கள்.

‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்பவர்களைக் கண்டு ஒடுங்க வேண்டாம். நாகூர் தர்காவின் உயரமான மினாரைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்து வந்து மொட்டை போடுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். நீங்கள் வளர்ந்த விதம் அந்தக் கரைக்குப் புதிதே இல்லை.

பங்குத்தந்தையைப் பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். அந்த விதிவிலக்கை இத்தனை வருஷம் கழித்து அவருக்கும் கேட்கலாம். கிடைத்து, அப்பா அம்மா கல்யாணமும் மாதா கோயிலில் முறைப்பட்டால், அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து அந்த நற்கருணை வரிசையில் போகலாம்.