பொடிச் சிமிழுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாமா?

கேள்வி: அப்பப்பாவின் மூக்குப்பொடிச் சிமிழ் ஒன்று இருக்கிறது. கறுப்பு நிறம், பித்தளைப் பிணைச்சல். விளிம்பில் ஏடு ஏடாகக் கிளம்புகிறது. அடியில் அரித்தது போலச் சிறு பள்ளங்கள். கொம்பா, கருங்காலியா? சுட்ட ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். தேங்காய் எண்ணெய் பூசலாமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: ஊசியை எடுக்கவே வேண்டாம். குத்திய தழும்பு மறையாது. பொருள் பழைய செல்லுலாயிட் என்றால் தீயும் பற்றும். இருட்டறையில் மெல்லிய விளிம்புக்குப் பின்னால் டோர்ச் பிடியுங்கள். கொம்பு பெரும்பாலும் தேன் நிறத்தில் ஒளியைக் கசியவிடும்; கருங்காலியும் சிரட்டையும் விடா. உங்கள் சிமிழ் ஏடாகக் கிளம்புவதே கொம்புக்கு நல்ல சாட்சி. நகத்தைப் போல அடுக்கடுக்காக வளர்ந்த பொருள் அது. கச்சான் என்னும் வறண்ட காற்றில் காய்ந்து சுருங்கும், மாரியில் ஈரம் குடித்து உப்பும். வருடா வருடம் இப்படி ஆடினால் அடுக்குகள் பிரியும்.

பள்ளங்கள், கொம்பைத் தின்னும் வண்டுப் புழுவின் வேலை. முதலில் உள்ளே ஒட்டிய பழைய பொடியை உலர்ந்த மென்தூரிகையால் தட்டி எடுங்கள். பொடியில் சேர்த்த சுண்ணாம்பு கொம்பை அரிக்கும். பிறகு தடித்த பொலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, இறுக்கிக் கட்டி, ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டால் சிமிழ் மேலேயே நீர் வியர்க்கும். தந்தமோ சிப்பியோ பதித்திருந்தால் இந்த முறை ஆகாது, பதித்தவை கழன்றுவிடும்.

எண்ணெய் வேண்டாம். அது சிக்குப் பிடித்துத் தூசியைச் சேர்க்கும். பித்தளையில் பச்சைக் களிம்பையும் உண்டாக்கும். களிம்பை மரப் பற்குச்சியால் சுரண்டுங்கள். புளி போட்டு விளக்கினால் புளிநீர் பிணைச்சலுக்கு அடியில் இறங்கிவிடும்.

கேள்வி: சிரட்டைச் சிமிழ், கொம்பில் திருகு மூடி. மாரியில் இறுகிவிட்டது.
– வாசகர், நிலாவெளி

பதில்: சிரட்டையைவிடக் கொம்பு அதிகம் உப்பும், அதுதான் காரணம். குறடு, வெந்நீர் இரண்டும் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிறு சிலிக்கா ஜெல் பைகளுடன் வைத்து, தினமும் ரப்பர் கையுறையோடு மெல்லத் திருகிப் பாருங்கள். வெயிலில் வைத்தால் மூடி வெடிக்கும்.

கேள்வி: வெள்ளைச் சிமிழைக் கனடாவிலுள்ள தம்பிக்கு அனுப்பலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: அடிப்பக்கத்தை லென்ஸால் பாருங்கள். வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்றால் யானைத் தந்தம். நுண்ணிய கரும்புள்ளிகள் என்றால் எலும்பு. தந்தமானால், எவ்வளவு பழையதானாலும், அனுமதியின்றித் தபாலில் போடாதீர்கள். ஆசிய யானை 1975 முதல் சர்வதேச வர்த்தகத் தடைப் பட்டியலில் உள்ளது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முதலில் விசாரியுங்கள்.