உப்பு நீர் நீச்சல் குளம்: கேட்டவர்களுக்குப் பதில்

(ஈசிஆர் பக்கம் வீட்டுக் குளங்களைப் பராமரிப்பது என் தொழில்.)

50,000 லிட்டர் குளம். குளோரின் வாடை தாங்கவில்லை. உப்புக்கு மாறலாமா?

மாறலாம். ஆனால் குளோரின் எங்கும் போகாது. பம்ப் குழாயில் பொருத்தும் 'செல்' என்கிற தகட்டுப் பெட்டிக்குள் மின்சாரம் உப்பை உடைத்து அதே குளோரினைத்தான் தயாரிக்கிறது. மூக்கைத் துளைக்கிற வாடை, வியர்வையும் சிறுநீரும் கலந்த குளோரின். குளிக்குமுன் ஷவரில் நிற்கச் சொல்லுங்கள், பாதி குறையும்.

உங்கள் குளத்துக்கு லிட்டருக்கு 3.5 கிராம் வீதம் 175 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை ஏழு. அந்தச் செலவு சில்லறை. காசைத் தின்பது செல். டைட்டானியத் தகட்டின் மேல் ருத்தேனியம் பூச்சு; நாலைந்து வருடத்தில் தேய்ந்துவிடும். நம் போர் தண்ணீரில் இன்னும் சீக்கிரம். போன மாதம் ஒரு செல்லைக் கழற்றினேன்: வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அதே வெள்ளைச் சுண்ணாம்பு, தகட்டுக்குத் தகடு அடைத்துக்கொண்டு. ஆசிட்டில் ஊறவைத்தால் கரையும், கூடவே பூச்சும் கொஞ்சம் போகும். ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் அல்ல.

பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) 8-ஐத் தாண்டிக்கொண்டே இருக்கிறது, ஏன்?

செல்லில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழி, தண்ணீரில் இருக்கும் கரியமில வாயுவை வெளியே தள்ளும். அதனால் பிஎச் ஏறும். குளோரின் வீரியம் இறங்கும். வாரம் இரண்டு முறை பாருங்கள், ஏறினால் ஆசிட் விட்டு 7.6-க்குள் வையுங்கள். ஆசிட்டைத் தண்ணீரில். மறக்காதீர்கள்.

பேக்வாஷ் தண்ணீரை, அதாவது ஃபில்டரைக் கழுவி வெளியேறும் உப்புத் தண்ணீரை, தோட்டத்துக்கு விடலாமா?

தென்னை தாங்கும். வாழை கருகும்.

குளோரின் இல்லாத குளம்தானே, குழந்தைக்கு நல்லதுதானே?

முதல் பதில்.

குளத்தின் கரையில் போட்ட மணற்கல்லை உப்பு அரிக்கும் என்கிறீர்கள். கடலில் உப்பு 35,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்குக்கு இத்தனை பங்கு), குளத்தில் 3,500. பத்தில் ஒரு பங்கு உப்பா கல்லை அரிக்கும்? சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

குளத்துக்குள் இருக்கும் தண்ணீர் அரிக்காது சார். கரையில் தெறித்துக் காய்வதுதான் அரிக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு கல்லின் துளைக்குள் படிகமாகி விரியும். தினம் நனைந்து தினம் காய்ந்தால் மணற்கல் செதில் செதிலாக உதிரும்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் 8-ஆம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறதே!

நிற்கிறது. சிற்பங்களின் முகத்தை எப்போதாவது கிட்டே போய்ப் பார்த்தீர்களா? உப்புக்காற்றில் மூக்கும் கண்ணும் மழுங்கிப் போயிருக்கும். கருங்கல்லுக்கே அந்தக் கதி. தொல்லியல் துறை காகிதக் கூழைக் கல்லில் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது. உங்கள் வீட்டு மணற்கல்லுக்கு யார் கூழ் அப்புவது?

கரண்ட் போனால்?

பம்ப் நின்றால் குளோரினும் நின்றது. ஒரு கேன் ஹைப்போ (திரவக் குளோரின்) கையிருப்பு வையுங்கள்.

இதில் குளோரின் இருக்காதுதானே?

இருக்கும். இருக்கும். இருக்கும்.

(கல்லுக்குச் சண்டை போட்டவர்) சரி, கரைக்குக் கருங்கல்லே போடுகிறேன், சீலர் அடித்து. ஏணிக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதுமா?

316 வாங்குங்கள். 304 ஏணி தரைக்குள் இறங்கும் இடத்தில் டீ சிந்தினதுபோல் கறை பிடித்திருப்பதை எத்தனையோ வீட்டில் பார்த்தாயிற்று. அதோடு ஏணி, பம்ப், கைப்பிடி எல்லாவற்றையும் ஒன்றாக எர்த் செய்யச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியன் வேலையை முடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள்.