பூஜைக்கு நிற்கவில்லை என்று கூலியைப் பிடிக்கலாமா?

கேள்வி: வியாசர்பாடியில் 28 பேர் வேலை செய்யும் லேத் பட்டறையில் ஆறு வருஷமாக ஆபரேட்டராக இருக்கிறேன். நான் யெகோவாவின் சாட்சி. எங்களுக்கு ஆயுத பூஜையும் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது. முந்தின நாள் எல்லாரோடும் சேர்ந்து மிஷினைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வந்தேன். விடுமுறையன்று காலையில் நடந்த பூஜைக்கு மட்டும் போகவில்லை. முதலாளி ஆப்சென்ட் போட்டு ஒரு நாள் கூலியைப் பிடித்துவிட்டார். "இந்த வருஷம் உனக்கு போனஸும் இல்லை" என்கிறார். கோபத்தில் எல்லார் முன்னாலும் "இது பிசாசு வணக்கம்" என்று சொல்லிவிட்டேன். மகள் படிக்கும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் சரஸ்வதி பூஜையில் உட்காரச் சொல்கிறார்கள். நான் என்ன செய்யலாம், மேடம்?

பதில்: கூலியைப் பிடித்தது தவறு. போனஸை நிறுத்துவதும் தவறு. நீங்கள் சொன்ன வார்த்தையும் தவறு. மூன்றையும் சரிசெய்ய வழி இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு, ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு கூடிய விடுமுறை. எந்த ஐந்து என்பதை முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்து, இந்தச் சட்டத்துக்கான அரசு ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பட்டியல் பட்டறையில் ஒட்டியிருக்க வேண்டும். அதில் ஆயுத பூஜை இருந்தால் அன்றைய கூலி 28 பேருக்கும் உண்டு. பொரி வாங்கினவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே கூலிதான். பண்டிகையைக் கொண்டாடினால்தான் சம்பளம் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை.

"பூஜைக்கு வருவதும் வேலைதான்" என்று முதலாளி சொல்லலாம். அப்படியானால் அவர் விடுமுறை நாளில் வேலை வாங்கியிருக்கிறார். வந்து நின்ற அத்தனை பேருக்கும் இரட்டைக் கூலி, இல்லையென்றால் அன்றைய கூலியோடு மாற்று விடுமுறை கொடுத்தாக வேண்டும். வேலை இல்லையென்றால் ஆப்சென்ட் எங்கிருந்து வந்தது? இரண்டில் எதைச் சொன்னாலும் உங்கள் கூலியில் கைவைக்க அவருக்கு வழியில்லை.

சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு வரையறுக்கிறது. பூஜைக்கு வராதது அதில் இல்லை. பழைய சட்டத்திலும் இருக்கவில்லை.

போனஸைப் பண்டிகை அன்பளிப்பு என்று நினைக்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. ஆயுத பூஜை, தீபாவளி சமயத்தில் கவரில் போட்டுக் கொடுப்பதால் வந்த பழக்கம் அது. 20 பேருக்கு மேல் இருக்கும் உங்கள் பட்டறையில், சட்டத்தின் சம்பள வரம்புக்குள் வருகிறவருக்குக் குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும். மோசடி, பட்டறைக்குள் வன்முறை, திருட்டு, நாசவேலை, பாலியல் துன்புறுத்தலில் தண்டனை போன்ற காரணங்களுக்காக வேலையை விட்டே நீக்கப்பட்டவர்தான் அதை இழப்பார். சாமி கும்பிடாதவர் அந்த வரிசையில் வர மாட்டார்.

"அரசியலமைப்பின் 25-வது பிரிவு எனக்கு மத உரிமை தருகிறதே, உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமா" என்று பலர் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் அரசுக்கு எதிராக நிற்கும் உரிமை. தனியார் முதலாளி மேல் நேரே பாயாது. உங்களுக்குக் கைகொடுப்பது தொழிலாளர் சட்டம்தான்.

ஆனால் உங்கள் மகள் விஷயம் வேறு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு குழந்தையை வழிபாட்டில் உட்கார வைக்கக் கூடாது என்று 28(3) பிரிவு சொல்கிறது. தலைமை ஆசிரியருக்கு நாலு வரிக் கடிதம் போதும். பணிவாக எழுதுங்கள்.

பணிவு என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? 1985-ல் கேரளத்தில் உங்கள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளை, தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து நீக்கினார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர். 1986 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தப் பிள்ளைகள் தினமும் மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாட மட்டும் இல்லை. தேசிய கீதத்தை அவர்கள் அவமதிக்கவில்லை என்று நீதிபதிகள் சொன்னதே அதை வைத்துத்தான்.

நீங்களும் மிஷினைத் துடைத்துக் கொடுத்த வரை அந்தப் பிள்ளைகள் மாதிரிதான் நடந்தீர்கள். அப்புறம் அந்த வார்த்தையை விட்டுவிட்டீர்கள். மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 302-வது பிரிவில் குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு. கோபத்தில் வந்த சொல் என்று வாதாடலாம்தான். ஆனால் நியாயம் முழுக்க உங்கள் பக்கம் இருக்கும்போது எதிராளிக்கு ஒரு பிடியைக் கொடுப்பானேன்? லேத்தில் ஒரு நொடி அசந்தால் விரல் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அவர் வைக்கும் எலுமிச்சையும் உடைக்கும் பூசணிக்காயும் அந்தப் பயத்துக்கு அவர் தேடிக்கொள்ளும் காவல். உங்களுக்கு அதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். அதைப் பிசாசு என்று சொன்னால் அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும்!

அதனால் முதலில் அவரைத் தனியாகப் பாருங்கள். "அண்ணே, அந்த வார்த்தை தப்பு, மன்னிச்சிடுங்க. மிஷின் துடைக்கிற வேலை எல்லாத்துக்கும் நிக்கிறேன், கும்பிட மட்டும் என்னால முடியாது. பிடிச்ச கூலியையும் போனஸையும் குடுத்துடுங்க" என்று சொல்லுங்கள். பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மசியவில்லையென்றால் அதையே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையா, ஆய்வாளரிடம் புகார் கொடுங்கள். பட்டறை தொழிற்சாலையாகப் பதிவாகியிருந்தால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் கொடுக்க வேண்டும். எங்கே என்று குழப்பமாக இருந்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள். பிடித்த கூலியைக் கேட்டு மனுப்போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. வக்கீல் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குக் கூப்பிடுங்கள்.

ஒன்றே ஒன்றில் மட்டும் உஷாராக இருங்கள். "சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்" என்று எழுதின தாளையோ வெற்றுத் தாளையோ நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு வேலைக்குப் போனதும் அந்த விடுமுறைப் பட்டியலையும் உங்கள் வருகைப் பதிவையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.