பதில்: ஆர்பிட்ரமில் யூஎஸ்டிசி அனுப்பும்போது 'கட்டணத்துக்கு ஈதர் போதாது' என வருகிறது

வணக்கம். கிரிப்டோ வாலட்டில் ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) இருந்தும் ஏன் போதாது என்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஈதர் இருப்பது எத்தீரியம் பிரதான வலையமைப்பில், யூஎஸ்டிசி (டொலர் பெறுமதியோடு பிணைந்த கிரிப்டோ நாணயம்) இருப்பது ஆர்பிட்ரமில், அதாவது எத்தீரியத்தின் மேல் இயங்கும் இன்னொரு வலையமைப்பில். முகவரி இரண்டிலும் ஒன்றுதான், அதனால்தான் இந்தக் குழப்பம். கட்டணம் ஆர்பிட்ரமில் உள்ள ஈதரிலிருந்து மட்டுமே கழியும்.

அந்தக் கட்டணத்தில் இரண்டு பகுதி உண்டு. ஆர்பிட்ரம் உங்கள் பரிவர்த்தனையைச் செய்து முடிக்கும் செலவு ஒன்று. அதன் தரவை எத்தீரியத்தில் பதியும் செலவு மற்றது. பலருடைய பரிவர்த்தனைகளை ஒரே தொகுதியாக அனுப்புவதால், வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு நாலு பேர் சேர்ந்து ஓட்டோ பிடித்த மாதிரி, அந்தச் செலவு பங்கு பிரிகிறது. முன்பு இந்தப் பகுதிதான் பெரியது. 2024 மார்ச்சில் எத்தீரியத்தில் வந்த டென்கன் மேம்படுத்தல் 'பிளாப்' என்ற மலிவான தரவு இடத்தைக் கொடுத்தபின் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் நெரிசல் நேரத்தில் ஏறும், ஒரே தொகை எப்போதும் வராது.

சரி, செய்யவேண்டியது: எக்ஸ்சேஞ்சில் (கிரிப்டோ வாங்கி விற்கும் தளம்) ஈதர் இருந்தால், எடுக்கும்போது ஆர்பிட்ரம் வலையமைப்பைத் தெரிவுசெய்து கொஞ்சம் அனுப்புங்கள். சில டொலர் பெறுமதி தாராளம். ஒரு வலையமைப்பிலிருந்து மற்றதுக்கு மாற்றும் பிரிட்ஜ் வழியாகவும் கொண்டுவரலாம், ஆனால் அதற்குப் பிரதான வலையமைப்பின் கட்டணம் விழும். புதிதாக வாங்க வங்கி அட்டையைப் போடாதீர்கள், இலங்கை மத்திய வங்கி அதற்கு அனுமதிப்பதில்லை.

அப்புறம், 'சரிசெய்து தருகிறேன்' என்று யாராவது உள்பெட்டிக்கு வந்து மீட்புச் சொற்களை (வாலட்டைத் திறக்கும் இரகசியச் சொற்கள்) கேட்டால் உடனே பிளாக் பண்ணுங்கள்.