மனசுல பேசுறது யார் காதுல விழும்?

அன்புள்ள சார்,
எங்க டிராமா குரூப்புக்கு ஒரு மணி நேர நாடகம் எழுதிட்டு இருக்கேன். தனிமொழி, தனக்குத்தானே பேசுறது, ஒதுங்கி பேசுறதுன்னு புக்ல படிச்சா எல்லாம் ஒண்ணு மாதிரியே தெரியுது. அது போக எங்க டைரக்டர் அக்கா, மனசுல நினைக்கிறத வாய்விட்டு பேசுறதெல்லாம் பழைய ஸ்டைல், மொத்தமா தூக்குன்னு சொல்றாங்க. தூக்கிடவா?
கே.

அன்புள்ள கே.,

எவ்ளோ நேரம் பேசுறாங்க, எப்படி பேசுறாங்கன்னு பாக்காதீங்க, யார் காதுல விழுதுன்னு மட்டும் பாருங்க, பாதி குழப்பம் போயிடும். ஷேக்ஸ்பியரோட ஜூலியஸ் சீசர் நாடகத்துல ஆன்டனி, கொலையான சீசரோட பிணத்தை வச்சுக்கிட்டு ரோம் ஜனங்ககிட்ட அவ்ளோ நீளமா பேசுறான்ல, அது தனிமொழிதான், ஆனா கூட்டம் கேக்குது, கேக்க கேக்க மாறுது, அது மாறலைன்னா அந்த பேச்சுக்கு அங்க வேலையே இல்ல. அவரோட ஹாம்லெட் நாடகத்துல இளவரசன் ஹாம்லெட் வாழ்றதா சாகறதான்னு பேசுறது வேற, அது தனக்குத்தானே பேசுறது, ஆடியன்ஸ் காதுக்கு மட்டும். இதுல வேடிக்கை என்னன்னா அந்த நேரத்துல ராஜாவும் அவர் மந்திரி பொலோனியஸும் ஒளிஞ்சு நிக்கிறாங்க, மந்திரி பொண்ணு ஒபீலியாவும் பக்கத்துலதான் இருக்கா, இருந்தாலும் அவன் பேசுறத கேட்ட மாதிரி அவங்க யாரும் காட்டிக்கிறதே இல்ல. அதனால தனக்குத்தானே பேச மேடை காலியா இருக்கணும்னு சட்டமெல்லாம் கிடையாது. ஒதுங்கி பேசுறதுன்னா சீன் நடக்கும்போதே நடுவுல, கூட நிக்கிறவங்க காதுல விழாத மாதிரி ஒண்ணு ரெண்டு வரி, அவ்ளோதான்.

சமஸ்கிருத நாடக இலக்கணக்காரங்க இந்த காது கணக்குல நம்மள விட கறார். எல்லாருக்கும் கேக்கறது பிரகாசம், யாருக்கும் கேக்காதது சுவகதம், இதோட விட்டாங்களான்னா இல்ல, நடுவுல ரெண்டு வச்சாங்க. திரும்பி நின்னு ஒருத்தர்கிட்ட மட்டும் ரகசியம் சொன்னா அபவாரிதம், ஒரு ஆளை விட்டுட்டு மத்தவங்களுக்குள்ள பேசிக்கிட்டா ஜனாந்திகம். ஜனாந்திகத்துக்கு திரிபதாக முத்திரை உண்டு, மோதிர விரலை மடக்கி கையை தூக்கினா போதும், அந்தப் பக்கம் நிக்கிறவருக்கு காது கேக்காதுன்னு ஆடியன்ஸ் ஒத்துக்கணும். நம்ம பக்கம் சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதின அடியார்க்குநல்லார் மூணா பிரிக்கிறார்: நெஞ்சோட பேசுறது உட்சொல், கேக்கறவங்களுக்கு சொல்றது புறச்சொல், தானே பேசுறது ஆகாயச்சொல்.

சமஸ்கிருதத்துலயும் ஆகாச பாஷிதம்னு ஒண்ணு இருக்கு, மேடையில இல்லாத ஆள்கிட்ட பேசுறது. 'என்ன சொல்றே? அவ போயிட்டாளா?'ன்னு எதிராளி சொன்னதையும் இவரே திருப்பி சொல்லி பதிலும் சொல்லணும், பாணம்னு சொல்ற ஒத்தை ஆள் நாடகம் முழுக்க இதை வச்சேதான் ஓடும். இது ஏதோ பழங்கால சமாச்சாரம்னு நினைச்சுடாதீங்க, இன்னிக்கு மேடையில ஒருத்தர் போன் பேசினா அது அச்சு அசல் இதேதான், உங்க நாடகத்துலயும் கண்டிப்பா ஒரு போன் சீன் இருக்கும், அக்கா அதை பழைய ஸ்டைல்னு தூக்க சொல்லியிருக்க மாட்டாங்க பாருங்க.

சரி, தூக்கறதா வேண்டாமா. 'அப்பா செத்து ரெண்டு வருஷம் ஆச்சு, அண்ணன் சொத்தை எல்லாம் எடுத்துக்கிட்டான்'னு கேரக்டர் தனக்குத்தானே சொல்லிக்கிற மாதிரி எழுதியிருந்தா அக்கா சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட், யாராவது தனக்கு தெரிஞ்சதை தனக்கே சொல்லிப்பாங்களா? ஆனா ஒரு முடிவு எடுக்க முடியாம தவிக்கிற இடம், வெளியில ஒண்ணு பேசி உள்ள வேற வச்சிருக்கிற ஆள், இதையெல்லாம் தூக்கினா நாடகமே படுத்துடும். ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோவை எடுத்துக்கோங்க, தளபதி ஒத்தெல்லோவுக்கு கூட இருந்தே குழி பறிக்கிற இயாகோவை எல்லாரும் நேர்மையான ஆள்னு சொல்லிட்டே இருக்காங்க, அவன் நம்மகிட்ட மட்டும் முழு பிளானை சொல்றான், அதனால தெரிஞ்சும் தடுக்காம உக்காந்திருக்கிற கூட்டாளி மாதிரி நம்மள ஆக்கிடறான். அதுலயும் அவன் சொல்ற காரணம் ஒண்ணா இருக்கா? பதவி கிடைக்கலங்கிறான், பெண்டாட்டி மேல சந்தேகம்ங்கிறான், தனியா பேசும்போதும் அவனை முழுசா நம்ப முடியல. இதை வேற எந்த வகை பேச்சுல கொண்டு வருவீங்க?

ஒதுங்கி பேசுறதை மட்டும் பாத்து போடுங்க. காமெடில நல்லா எடுபடும், அழுகை சீன்ல வச்சா ஆடியன்ஸ் சிரிச்சுடுவாங்க. ஒவ்வொரு தனிப்பேச்சுக்கும் பக்கத்துல, இது முடியும்போது இந்த கேரக்டர் என்ன பண்ண போகுதுன்னு ஒரு வரி எழுதுங்க, எழுத வரலைன்னா அதை அடிச்சுடலாம், மிச்சம் இருக்கறதை எடுத்துட்டு போய் அக்காகிட்ட சண்டை போடுங்க.