புரதத்துக்குள் எது எதைத் தொடுகிறது என்று படிக்கப் போகிறேன் என்கிறாள், விடலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.எஸ்சி. உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிற மகள், பி.எட். வேண்டாம், வங்கித் தேர்வும் வேண்டாம், "அமினோ அமிலங்கள் ஒண்ணை ஒண்ணு எங்கே தொடுதுன்னு கணக்குப் போடுற வேலைக்குத்தான் போவேன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் லேப்டாப்பில் கலர் கலராக ரிப்பன் மாதிரி எதையோ சுற்றிச் சுற்றிப் பார்க்கிறாள், இதை நம்பி விடலாமா, சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் எந்த நிபந்தனையில், எத்தனை வருடம் கழித்து என்று சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகிவிடும்.

முதலில் அந்த ரிப்பன் என்ன என்று சொல்லிவிடுகிறேன், வீட்டில் பாதிச் சண்டை அதிலேயே குறைந்துவிடும். இருபது வகை மணிகளை ஒரே நூலில் கோத்த நீளமான மாலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி மூடினால் எப்படி இருக்கும்? அதுதான் புரதம், ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம், லேப்டாப்பில் ரிப்பனாகத் தெரிவது அந்த நூல் போகிற போக்கு. நூலில் 6-வது இடத்தில் இருக்கிற மணியும் 80-வது இடத்தில் இருக்கிற மணியும் உள்ளங்கைக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கலாம். அப்படிப் பக்கத்தில் வந்த இரண்டு மணிகளைத்தான் இந்தத் துறைக்காரர்கள் கான்டாக்ட் என்கிறார்கள், மணிக்கு அவர்கள் சொல்லும் பெயர் ரெசிடியூ. எவ்வளவு பக்கத்தில் இருந்தால் கான்டாக்ட் என்பதற்கு ஓர் அளவு வேண்டும். முதுகெலும்புக் கார்பன் அணுக்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் கான்டாக்ட் என்று பலர் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஆங்ஸ்ட்ராம்.

இதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று நினைப்பீர்கள். அரிவாள் செல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நீலகிரியின் பழங்குடி மக்களிடம் 1952-லேயே கண்டறிந்து எழுதப்பட்ட நோய் அது. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6-வது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற மணி இருக்க வேண்டும், அங்கே வேலின் என்ற வேறு மணி வந்துவிடுகிறது, அவ்வளவுதான் மாற்றம். ஆக்சிஜனை இறக்கிவிட்ட நிலையில் அந்த வேலின், பக்கத்து ஹீமோகுளோபின் மூலக்கூறில் 85-வது ஃபினைல் அலனினும் 88-வது லியூசினும் சேர்ந்த ஒரு சின்னக் குழியில் போய்ப் பொருந்தி உட்கார்ந்துகொள்கிறது. ஒன்றோடு ஒன்று, அதோடு இன்னொன்று என்று சேர்ந்து கயிறு மாதிரி நீண்டு, சிவப்பணுவையே அரிவாளாக வளைத்துவிடுகிறது. இருக்கக் கூடாத இடத்தில் வந்த ஒரு தொடுகைக்காக ஒரு குழந்தை ஆயுள் முழுக்க வலியில் துடிக்கிறது என்றால், அந்தத் தொடுகையை உட்கார்ந்து எண்ணுகிற வேலையை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இதெல்லாம் அமெரிக்காக்காரன் வேலை" என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழை முறுக்கு வடிவத்தைச் சொன்னபோது, அதில் சில அணுக்கள் மிக நெருக்கமாக வருகின்றன, அப்படி இருக்க முடியாது என்று டிஎன்ஏ வடிவத்தைச் சொன்ன பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச் என்ற விஞ்ஞானியும் குறை சொன்னார்கள். எவ்வளவு நெருக்கம்தான் அனுமதி என்று பார்த்துவிடலாம் என இறங்கி, அதுவரை தெரிந்திருந்த படிக அமைப்புகளிலிருந்து அணுக்களின் குறைந்தபட்சத் தொடுதூரங்களைத் திரட்டி, ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடு சேர்ந்து 1963-ல் ராமச்சந்திரன் வெளியிட்டதுதான், சங்கிலி எப்படியெல்லாம் வளைய முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் உலகத்தில் எந்த மூலையில் புதிதாக ஒரு புரத அமைப்பைத் தீர்த்தாலும் அது சரியா என்று அந்த வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். நெருக்கத்தைக் கணக்குப் போடும் இந்த வேலை சென்னையில் நடந்த வேலை, அம்மா. பிறகு சங்கிலியில் தூரமாக இருந்தும் மடிப்பில் பக்கத்தில் வருகிற ஜோடிகளைப் பற்றி திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் ஐஐடி மெட்ராஸிலும் வருடக்கணக்காக ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். இங்கேதான் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன், ஒரு தனியார் கல்லூரியில் பெரிய தொகை கட்டி உயிர்த்தகவலியல், அதாவது உயிரியல் தரவைக் கணினியில் ஆராயும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், முடித்திருந்தான். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுக்க அழகழகான புரதப் படங்கள். நேர்காணலில் ஒரே கேள்வி கேட்டார்களாம், "ஏன் 8 ஆங்ஸ்ட்ராம் வைத்தாய், 6 வைத்தால் உன் முடிவு மாறுமா?" அவனுக்குப் பதில் தெரியவில்லை, மென்பொருளில் அந்த எண் ஏற்கெனவே இருந்தது, விட்டுவிட்டான். தப்பு அவன் மேல் மட்டும் இல்லை, அந்தக் கேள்வியை மூன்று வருடத்தில் யாருமே அவனிடம் கேட்கவில்லை. பட்டனை அழுத்திப் படம் எடுக்க மட்டும் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் வேலை இல்லை. இளநிலைப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு இதில் நுழைவதும் மிகவும் கஷ்டம். எம்.எஸ்சி. வேண்டும், மருந்து வடிவமைப்பு மாதிரியான வேலைகளுக்குப் பெரும்பாலும் பிஎச்.டி.யே கேட்பார்கள்.

"அதான் ஏஐ எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுச்சாமே, இனி இவளுக்கு என்ன வேலை" என்றும் கேட்டிருக்கிறீர்கள், இந்தக் கேள்வி இப்போது எல்லாப் பெற்றோரிடமிருந்தும் வருகிறது. புரதம் எப்படி மடியும் என்று கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்ற ஏஐ 2020-ல் சாதித்தது பெரிய விஷயம்தான். 2024 வேதியியல் நோபலில் பாதி அதை உருவாக்கிய ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும், மறுபாதி புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்கும் போனது. ஆனால் அது வானத்திலிருந்து குதிக்கவில்லை. இரண்டு ரெசிடியூ தொட்டுக்கொண்டிருந்தால், பரிணாமத்தில் ஒன்று மாறும்போது அதற்கு ஈடுகட்ட மற்றதும் மாறும் என்று கான்டாக்டுகளை ஊகித்துக்கொண்டிருந்தவர்கள் போட்ட பாதை அது. 1971-ல் வெறும் 7 புரத அமைப்புகளோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியில் இன்று சோதனை மூலம் தீர்த்தவை மட்டும் 2 லட்சத்துக்கு மேல், ஆல்ஃபாஃபோல்ட் கணித்து அதற்கென்று தனியாக இருக்கிற தரவுத்தளத்தில் வைத்தவை 20 கோடிக்கு மேல், இரண்டுமே இலவசம். வடிவம் இப்படிக் கொட்டிக் கிடக்கும்போது அதைப் படித்துச் சொல்லத் தெரிந்த ஆளுக்குத்தான் தேவை கூடுகிறது. எந்த மாற்றம் எந்தப் பிடியை அறுக்கும், நொதி சூட்டைத் தாங்க எங்கே ஒரு புதுப் பிடி போடலாம் என்று ஆள் யோசிக்கத்தான் வேண்டும். கணித்த அமைப்பில், எவ்வளவு நம்பலாம் என்று ஏஐ தானே போடுகிற நம்பிக்கை மதிப்பெண் குறைவான பகுதிகள் இருக்கும், அதைப் பார்க்காமல் அங்கேயும் கான்டாக்ட் எண்ணினால் வருவது குப்பை. இதைப் புரிந்தவள்தான் நிலைப்பாள்.

அப்புறம், அவள் புரிந்தவளா என்று நீங்களே பார்க்க ஒரு வழி. இந்த லீவில் கிராம்பின் என்ற புரதத்தை எடுக்கச் சொல்லுங்கள், தரவு வங்கியில் அதன் எண் 1சிஆர்என். 46 ரெசிடியூதான், ஜோடி போட்டால் 1,035. ரெடிமேட் கருவி எதையும் தொடாமல், ஒவ்வொரு ஜோடிக்கும் தூரத்தைப் பைத்தானில் தானே எழுதிக் கணக்கிட்டு, 46-க்கு 46 கட்டத்தில், தொடுகிற ஜோடிக்கெல்லாம் புள்ளி வைத்து, கான்டாக்ட் மேப் வரையட்டும். மூலைவிட்டத்தை ஒட்டித் தடிப்பாக ஓடுவது சங்கிலி சுருளாக முறுக்கிய இடம், அதற்குக் குறுக்காக வெட்டி வருவது எதிரெதிராக ஓடும் இழைகள். 3-40, 4-32, 16-26 என்ற இரண்டு ரெசிடியூக்களைக் கந்தக அணுக்களால் கட்டிப்போடும் மூன்று கந்தகப் பாலங்களும் அவள் மேப்பில் வந்திருக்க வேண்டும், வரவில்லை என்றால் நிரலில் பிழை. பிறகு 8-ஐ 6 ஆக்கி, 10 ஆக்கி, என்ன மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று சமையலறையில் உங்களுக்கு விளங்குகிற தமிழில் சொல்லட்டும். ஒரு மாதத்தில் சலிப்பில்லாமல் இதைச் செய்தால் தைரியமாக விடுங்கள். மூன்றாம் நாளே மூடி வைத்துவிட்டால், அவளுக்குப் பிடித்தது ரிப்பன் படம் மட்டும்தான், அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

பிளஸ் டூவில் அவளுக்குக் கணிதம் இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் திசையன், அணி, நிகழ்தகவு இந்த மூன்றையாவது இந்த வருடம் பிடித்தாக வேண்டும், எம்.எஸ்சி. சேர்க்கைக்கான அகில இந்திய ஜாம் தேர்வின் உயிர்த்தொழில்நுட்பத் தாளிலும் கணிதம், இயற்பியல், வேதியியல் வருகிறது. அந்தத் தேர்வு வழியாக ஐஐடி எம்.எஸ்சி.யும் பெங்களூரு ஐஐஎஸ்சியின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யும் உண்டு. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியலுக்கு க்யூட் பிஜி என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ராமச்சந்திரன் உருவாக்கிய அதே துறையில் உயிர் இயற்பியல் இருக்கிறது, காரைக்குடி அழகப்பாவில் உயிர்த்தகவலியல் இருக்கிறது. லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு "நூறு சதவீதம் வேலை" என்று விளம்பரம் செய்யும் இடத்துக்கு மட்டும் தயவுசெய்து போகாதீர்கள், நகையை அடகு வைக்கவும் வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, எம்.எஸ்சி. முடித்து நெட் தேர்வில் பிஎச்.டி. செய்வதற்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. ஐடி வேலைக்குப் போன பெரியப்பா மகளோடு ஒப்பிட்டால் அந்த வருடங்களில் உங்களுக்கு வயிறு எரியும், உண்மைதான். ஆனால் வீட்டிலிருந்து பணம் கேட்காமல் படிப்பாள். நடுவில் வேண்டாமென்று தோன்றினாலும், அவள் கற்ற பைத்தானும் புள்ளியியலும் தரவு சம்பந்தப்பட்ட வேறு வேலைகளுக்கு உதவும். கல்யாணப் பேச்சை எம்.எஸ்சி. முடியும் வரை எடுக்காமல் இருந்தால் நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

ஜாம் விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். அதற்கு முன்னால் அந்தக் கிராம்பின் மேப்பையும் அவள் எழுதிய நிரலையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், நான்கு செமஸ்டர் மதிப்பெண்களையும் சேர்த்து. பார்த்துவிட்டு அவளிடமே பேசுகிறேன், பக்கத்தில் நீங்களும் அவள் அப்பாவும் இருங்கள்.